விளாதிமிரின் மதமாற்றத்தில் விடுபட்டுப்போன குடும்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம், கீவ் நகரை ஆண்ட இளவரசர் விளாதிமிர் கிறித்தவத்தைத் தழுவிய வரலாறு ஒரு முழுப் பக்கத்துக்கு வெளிவந்திருந்தது. பல சமயங்களின் தூதர்களும் அவர் அவைக்கு வந்தார்கள், மதுவை விலக்கச் சொன்னதால் ஒரு சமயத்தை அவர் மறுத்தார், கான்ஸ்டாண்டிநோபிளின் தேவாலய அழகைக் கண்டு திரும்பியவர்களின் சொல்லைக் கேட்டு மற்றொன்றை ஏற்றார் என்பதோடு கட்டுரை முடிந்துவிட்டது. அந்தக் கதை கீவ் துறவிகள் 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதாவது நிகழ்ச்சி நடந்து 100 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு, ஆண்டுவாரியாகத் தொகுத்த வரலாற்றுக் குறிப்பேடான நாளாகமத்தில் இருப்பது உண்மைதான். விருத்தசேதனமும் பன்றி இறைச்சித் தடையும்கூட அவருக்குப் பிடிக்கவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. மது மட்டும் காரணமல்ல. எனக்கு வருத்தம் தருவது வேறு. அதே நாளாகமம் விளாதிமிரின் பாட்டி, தாய், சகோதரர்கள், மனைவியர், மக்கள் ஆகியோரைப் பற்றி நெஞ்சை உலுக்கும்படி எழுதியிருப்பதில் ஒரு வரிகூடத் தங்கள் கட்டுரையில் இடம்பெறவில்லை. அவர்களை விட்டுவிட்டுச் சொன்னால் அந்த மதமாற்றம் ஏன் நடந்தது என்பதே விளங்காது.

நான் கண் மருத்துவன். 1980-களில் கீவ் நகரில் மருத்துவம் படித்தேன். நீப்பர் ஆற்றின் உயர்ந்த கரையில், கையில் பெரிய சிலுவையைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து நிற்கும் விளாதிமிரின் வெண்கலச் சிலை 1853-ல் நிறுவப்பட்டது. மாலை வேளைகளில் அதன் அடியில் உட்கார்ந்து பாடங்களைத் திரும்பிப் பார்ப்பது எங்களுக்கு வழக்கம். ஞானஸ்நானத்தின் ஆயிரமாவது ஆண்டு 1988-ல் கொண்டாடப்பட்டபோது நான் அங்கேதான் இருந்தேன். பல பத்தாண்டுகளாக அரசு தன் கையில் வைத்திருந்த பெச்செர்ஸ்க் குகை மடத்தின் கீழ்ப்பகுதி அந்த ஆண்டுதான் திருச்சபையிடம் திருப்பித் தரப்பட்டது. அன்று தொடங்கி இந்த மனிதரின் வாழ்க்கையைத் தேடித்தேடிப் படித்துவருகிறேன். அந்த உரிமையில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கதையைப் பாட்டியிடமிருந்து தொடங்க வேண்டும். விளாதிமிரின் பாட்டனார் ஈகர் 945-ல் திரெவ்லியர் என்ற இனத்தாரிடம் இரண்டாம் முறையும் கப்பம் வாங்கப் போய்க் கொல்லப்பட்டார். சிறு குழந்தையாக இருந்த மகன் ஸ்வியாதஸ்லாவுக்காக அவர் மனைவி ஓல்கா ஆட்சியை ஏற்று, கொன்றவர்களை இரக்கமின்றிப் பழிதீர்த்து, பின்னர் கான்ஸ்டாண்டிநோபிளுக்குச் சென்று ஞானஸ்நானம் பெற்று, பேரரசியின் பெயரையே தன் பெயராகக் கொண்டு ஹெலனா ஆனார். மகனையும் அழைத்தார். தன் போர்வீரர்கள் சிரிப்பார்கள் என்று சொல்லி மகன் மறுத்துவிட்டார். பேரன் ஞானஸ்நானம் பெறுவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்பே அந்த அரண்மனையில் ஒரு கிறித்தவப் பாட்டி இருந்தார் என்பதும், தூதர்கள் வந்து சொல்லித்தான் விளாதிமிர் அச்சமயத்தை அறிந்துகொண்டார் என்று நினைக்க இடமில்லை என்பதும் இதிலிருந்தே தெரியும். நாளாகமம் இதை மறைக்கவுமில்லை. கிரேக்கர் சமயம் தீயதாக இருந்தால் மனிதரெல்லாரிலும் அறிவு மிகுந்த உங்கள் பாட்டி ஓல்கா அதை ஏற்றிருக்க மாட்டார் என்று அவைப் பெரியவர்கள் விளாதிமிரிடம் சொன்னதாக அதுவே எழுதுகிறது. தூதர்களின் நீண்ட வாதங்களையெல்லாம்விட இந்த ஒரு வாக்கியத்துக்கு எடை அதிகம் என்பது என் எண்ணம்.

தாய் மாலுஷா, அதே ஓல்காவின் வீட்டில் சாவிக்கொத்தை வைத்திருந்த பணிப்பெண். முறையான மனைவியின் மகனாகப் பிறக்காத இந்தச் சிறுவனுக்குத் துணையாக இருந்தவர் அவர் தாய்மாமன் தொப்ரின்யா. 970-ல் ஸ்வியாதஸ்லாவ் நாட்டைப் பிரித்தபோது மூத்தவர் யாரோபோல்க்குக்குக் கீவும், ஓலெக்குக்குத் திரெவ்லியர் நாடும் போயின. வடக்கே தொலைவில் இருந்த நொவ்கொரத் நகரத்தார் தங்களுக்கும் ஓர் இளவரசர் வேண்டும் என்று கேட்டு வந்தபோது, விளாதிமிரைக் கேளுங்கள் என்று சொல்லிக்கொடுத்தவர் அந்த மாமன்தான். தாய்மாமன் என்ற உறவின் எடை நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விளாதிமிரின் வாழ்க்கையில் நல்லதிலும் கெட்டதிலும் தொப்ரின்யாவின் கை இருந்தது.

தந்தை 972-ல் நீப்பர் ஆறு பாறைகளில் மோதி விரைந்து பாயும் இடத்துக்கு அருகே பெச்செனெக் குதிரைவீரர்களால் கொல்லப்பட்டார். அவர் மண்டையோட்டைப் பொன்தகட்டால் இழைத்துக் குடிகலம் ஆக்கிக்கொண்டார்கள். ஐந்தாண்டுகளில் சகோதரர்களுக்குள் போர் மூண்டது. யாரோபோல்க்கின் படைக்கு அஞ்சி ஓடிய ஓலெக், கோட்டைப் பாலத்தில் நெரிசலில் சிக்கி அகழியில் விழுந்து இறந்தார். உடலைப் பார்த்து யாரோபோல்க் அழுதார் என்று நாளாகமம் சொல்கிறது. விளாதிமிர் கடல் கடந்து வரங்கியர் என்ற வடநாட்டுப் போர்வீரர்களிடம் ஓடி, கூலிப்படையோடு திரும்பினார். சமாதானம் பேச வந்த அண்ணனை அறைக்குள் நுழையும்போதே இரண்டு வரங்கியர் இருபுறமும் வாளால் குத்திக் கொன்றார்கள். அண்ணனின் மனைவி ஒரு கிரேக்கப் பெண், துறவு பூண்டிருந்தவர், அழகுக்காக மகனுக்கென்று ஸ்வியாதஸ்லாவ் போரிலிருந்து கொண்டுவந்தவர். விளாதிமிர் அவரையும் எடுத்துக்கொண்டபோது அவர் கருவுற்றிருந்தார். பிறந்த மகன் ஸ்வியாதபோல்க். இரண்டு தந்தையரின் மகன் என்று நாளாகமம் அவனைக் குறிக்கிறது. அந்தச் சொல்லின் பின்விளைவு 35 ஆண்டுகள் கழித்து வந்தது.

அண்ணன் கொல்லப்படுவதற்கு முன்னால் ரொக்னேதாவின் கதை இருக்கிறது. இக்கடிதத்தை நான் எழுத உட்கார்ந்ததற்கு அவரே முதற்காரணம். போலோத்ஸ்க் நகரை ஆண்ட ரொக்வொலொத்தின் மகள் அவர். கீவை நோக்கிப் படைதிரட்டிய விளாதிமிர் அவரைப் பெண் கேட்டு ஆளனுப்பினார். மணமகள் மணமகனின் காலணியைக் கழற்றுவது அம்மக்களின் திருமணச் சடங்கு. அடிமைப் பெண்ணின் மகனுக்கு நான் காலணி கழற்ற மாட்டேன், எனக்கு யாரோபோல்க்தான் வேண்டும் என்று அந்தப் பெண் பதில் சொன்னார். மாலுஷாவின் பிறப்பைக் குத்திய சொல் அது. மகனைவிடவும் மாலுஷாவின் உடன்பிறந்த தொப்ரின்யாவையே அது அதிகமாகச் சுட்டிருக்க வேண்டும். போலோத்ஸ்க் வீழ்ந்தது. தந்தையும் இரண்டு சகோதரர்களும் கொல்லப்பட்டார்கள். நாளாகமத்தின் தொடர்ச்சியில் 1128-ஆம் ஆண்டின் கீழ் எழுதப்பட்டிருக்கும் விரிவான குறிப்பு, தொப்ரின்யாவின் கட்டளைப்படி பெற்றோரின் கண்முன்னே ரொக்னேதா சீரழிக்கப்பட்ட பிறகே அவர் தந்தை கொல்லப்பட்டார் என்று சொல்கிறது. அதன்பிறகு அவருக்குக் கொரிஸ்லாவா என்று வேறொரு பெயரையும் வைத்தார்கள். கொரே என்றால் அவர்கள் மொழியில் துயரம்.

அதே குறிப்பில் அடுத்து வரும் காட்சியை நான் எத்தனை முறை படித்திருப்பேனோ. விளாதிமிர் வேறு பெண்களை நாடிப் போய்விட்டார். ரொக்னேதாவுக்கு இஸியாஸ்லாவ் என்ற சிறுவன் இருக்கிறான். ஒருநாள் விளாதிமிர் வந்து உறங்கும்போது அவர் கத்தியை எடுக்கிறார். தற்செயலாகக் கண்விழித்த விளாதிமிர் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறார். என் தந்தையைக் கொன்றாய், அவர் நாட்டைப் பறித்தாய், இப்போது என்னையும் இந்தக் குழந்தையையும் வெறுக்கிறாய் என்று ரொக்னேதா சொல்கிறார். திருமணத்தன்று உடுத்தியது போல அரசிக்குரிய ஆடைகள் அனைத்தையும் உடுத்திக்கொண்டு அறையில் மஞ்சத்தில் உட்கார், வந்து வெட்டுகிறேன் என்பது விளாதிமிரின் கட்டளை. அவர் அப்படியே உடுத்திக்கொண்டு உட்கார்ந்து, உறையிலிருந்து உருவிய வாளை மகன் கையில் கொடுத்து, அவன் சொல்ல வேண்டியதையும் சொல்லிக்கொடுக்கிறார். தந்தை உள்ளே வந்ததும் சிறுவன் முன்னால் வந்து நின்று, நீ இங்கே தனியாக நடமாடுகிறாய் என்றா நினைத்தாய் தந்தையே என்று கேட்கிறான். நீ இங்கே இருப்பாய் என்று யார் நினைத்தது என்று சொல்லிவிட்டு விளாதிமிர் வாளை எறிந்துவிடுகிறார். பின்னர் அவைப் பெரியவர்கள், இந்தக் குழந்தைக்காக அவளைக் கொல்ல வேண்டாம், அவள் தந்தையின் நாட்டை அவளுக்கும் மகனுக்கும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று அறிவுரை சொல்ல, விளாதிமிர் அவர்களுக்காக ஓர் ஊரைக் கட்டி அதற்கு மகனின் பெயரையே வைத்தார். இன்றைய பெலாரஸ் நாட்டின் மின்ஸ்க் நகருக்கு அருகிலுள்ள ஸாஸ்லாவ்லில் தாய்க்கும் மகனுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். அந்த நாளிலிருந்துதான் ரொக்வொலொத்தின் பேரப்பிள்ளைகள் யாரோஸ்லாவின் பேரப்பிள்ளைகளுக்கு எதிராக வாளெடுத்து வருகிறார்கள் என்று சொல்லி அந்தக் குறிப்பு முடிகிறது. ஒரு குடும்பத்தின் படுக்கையறைப் பகை 100 ஆண்டுப் போரானதை அந்தத் துறவிகள் தெளிவாகவே கண்டிருந்தார்கள்.

ஞானஸ்நானத்துக்கு முன் விளாதிமிருக்கு ஐந்து மனைவியரும், மூன்று ஊர்களில் 300, 300, 200 என்று 800 காமக்கிழத்தியரும் இருந்ததாக நாளாகமம் கணக்குச் சொல்லி, அவரைச் சாலமோனோடு ஒப்பிடுகிறது. விவிலியத்தை மனத்தில் வைத்து எழுதிய எண்கள் இவை என்பது தெளிவு. அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுதிக்கொண்டிருந்த ஜெர்மானிய ஆயர் தீத்மார், மிகப் பெரிய காமுகன் என்று கடுஞ்சொல்லால் அவரைக் குறித்திருப்பதால், அடிப்படை உண்மையை மறுக்கவும் முடியாது. இந்தப் பட்டியலை இழிந்த ஆவலோடு படிக்கக் கூடாது. அதில் ரொக்னேதாவுக்கு நான்கு மகன்கள், இரண்டு மகள்கள். கிரேக்கப் பெண்ணுக்கு ஸ்வியாதபோல்க். பல்கேரியப் பெண்ணுக்குப் போரிஸ், கிளெப். பின்னால் வந்த வாரிசுப் போர் முழுவதும் இந்த வரிகளுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இந்நிலையில்தான் கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிரேக்கரின் பைசாந்தியப் பேரரசில், பேரரசர் இரண்டாம் பேசிலுக்கு எதிராகத் தளபதி பர்தாஸ் ஃபோகாஸ் கிளர்ந்தெழுந்து, தன்னையே பேரரசராக அறிவித்துக்கொண்டார். வேறு வழியின்றிப் பேசில் கீவிடம் உதவி கேட்டார். விளாதிமிர் 6,000 வரங்கியர்களை அனுப்பினார். விலையாகப் பேரரசரின் தங்கை அன்னாவைக் கேட்டார். அரியணையில் இருக்கும் பேரரசருக்கு அரண்மனையின் செந்நீலக்கல் அறையில் பிறந்த மகளை அயலாருக்குக் கொடுப்பது அவர்கள் மரபே அல்ல. ஜெர்மானியப் பேரரசர் முதலாம் ஓட்டோ தம் மகனுக்கு அப்படியொரு பெண்ணைக் கேட்டு 968-ல் அனுப்பிய தூதுவர் அவமதிக்கப்பட்டுத் திரும்பினார். நான்கு ஆண்டுகள் கழித்து வந்த தியோஃபானுவும் அந்த அறையில் பிறந்தவர் அல்லர். அப்படிப்பட்ட இடத்தில், பணிப்பெண்ணின் மகன் என்று ஒரு பெண்ணால் இகழப்பட்ட மனிதர் ஒரு பேரரசரின் மகளைக் கேட்டுப் பெற்றார். ஞானஸ்நானம் அந்தத் திருமணத்தின் நிபந்தனை. விளாதிமிரின் நம்பிக்கை பொய்யானது என்று நான் சொல்லவில்லை. பிற்கால வாழ்க்கை அப்படிச் சொல்ல இடம் தரவில்லை. ஆனால் ரொக்னேதாவின் மறுப்பையும் அன்னாவின் வருகையையும் அருகருகே வைத்துப் பார்க்காதவர்களுக்கு, அந்த நிபந்தனையை அவர் ஏன் அவ்வளவு விரைவாக ஏற்றார் என்பது புரியாது.

அன்னா 963 மார்ச் 13-ல் பிறந்தவர். தந்தை இரண்டாம் ரொமானோஸ் இரண்டே நாளில் இறந்தார். கீவுக்குப் புறப்பட்டபோது அவருக்கு 25 வயது கடந்திருந்தது. கிரிமியாவில் பைசாந்தியர் வசமிருந்த கெர்சொனீஸ் நகரை முற்றுகையிட்டுப் பிடித்த விளாதிமிர், அன்னாவின் அண்ணன்மார் சொன்ன சொல்லைக் காக்க வேண்டும் என்று அங்கிருந்தே வற்புறுத்தினார். சிறைப்பட்டுப் போவது போலப் போகிறேன், இங்கேயே இறந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று அன்னா சொன்னதையும், உன்னால் கிரேக்க நாடு ஒரு கொடிய போரிலிருந்து தப்பும் என்று அண்ணன்மார் ஆறுதல் சொன்னதையும், அழுதுகொண்டே உறவினரை முத்தமிட்டு அவர் கப்பலேறியதையும் நாளாகமம் பதிவுசெய்திருக்கிறது. அப்போது விளாதிமிருக்குக் கண்நோய் கண்டு பார்வை போய்விட்டதாகவும், நோய் நீங்க வேண்டுமானால் உடனே ஞானஸ்நானம் பெறுங்கள் என்று அன்னா சொல்லியனுப்பியதாகவும், ஆயர் தலையில் கைவைத்ததும் பார்வை திரும்பியதாகவும் அடுத்து எழுதியிருக்கிறது. கண் மருத்துவனான நான் இந்த இடத்தில் நின்றுவிடுவது நோயைப் பற்றி ஆராய்வதற்காக அல்ல. அழுதுகொண்டு வந்திறங்கிய ஒரு பெண், வந்த இடத்தில் முதன்முதலில் சொன்னதாகக் கிடைக்கும் சொல், பார்வையிழந்தவனுக்கான அறிவுரையாக இருக்கிறது என்பதற்காகத்தான். விளாதிமிர் மைத்துனரின் பெயரைச் சூட்டிக்கொண்டு வசீலி ஆனார். நாளாகமம் இதை 988-ன் கீழ் வைக்கிறது. கெர்சொனீஸ் 989-ல்தான் வீழ்ந்தது என்று கருதும் அறிஞர்கள் பலர்.

கீவுக்குத் திரும்பியதும், சில ஆண்டுகளுக்கு முன் தாமே குன்றின்மேல் நட்டுவைத்த பெரூன் என்ற இடிக்கடவுளின் மரச்சிலையை, அதன் வெள்ளித் தலையோடும் பொன் மீசையோடும் குதிரை வாலில் கட்டி இழுக்கச் சொன்னார். 12 பேர் கோல்களால் அடித்துக்கொண்டே போக, மக்கள் அழுதார்கள். மறுநாள் நகரமே நீப்பரில் இறங்கியது: சிலர் கழுத்தளவு நீரில், சிலர் மார்பளவு நீரில், பெரியவர்கள் குழந்தைகளை ஏந்தியபடி. தங்கள் கட்டுரை இதைச் சரியாகவே எழுதியிருந்தது. அதற்கடுத்த வரியை அது விட்டுவிட்டது. நல்ல குடும்பத்துப் பிள்ளைகளை எழுத்து கற்பிப்பதற்காக விளாதிமிர் ஆளனுப்பி எடுத்துக்கொண்டார். நம்பிக்கையில் இன்னும் உறுதிப்படாத தாய்மார், செத்தவர்களுக்கு அழுவதுபோல் அந்தப் பிள்ளைகளுக்காக அழுதார்கள். கிழக்கு ஸ்லாவியரின் எழுத்துப் பண்பாடு முழுவதும் அந்தப் பள்ளிகளிலிருந்து வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. அந்தத் தாய்மாரின் அழுகையையும் மறைக்காமல் எழுதிவைத்த துறவிகளின் நேர்மையை நான் வணங்குகிறேன்.

பிற்கால விளாதிமிர் வேறு மனிதர். பாவத்துக்கு அஞ்சிக் கொள்ளையர்களைக் கொல்ல மறுத்தார். கொள்ளை பெருகியபோது, விசாரித்துத் தண்டிப்பது அரசன் கடமை என்று ஆயர்களே எடுத்துச்சொல்ல வேண்டியிருந்தது. வறியவர் எவரும் அரண்மனைக்கு வந்து உணவும் பணமும் பெறலாம் என்று அறிவித்தார். நோயாளிகளும் நடக்க முடியாதவர்களும் வர முடியாதே என்று எண்ணி, ரொட்டி, இறைச்சி, மீன், பழங்கள், பீப்பாய்களில் தேன்மது, குவாஸ் என்ற புளித்த பானம் ஆகியவற்றை வண்டிகளில் ஏற்றித் தெருத்தெருவாக அனுப்பினார். நடக்க முடியாத நோயாளி எங்கே என்று கேட்டுக்கொண்டே அந்த வண்டிகள் போயின. தம் வருவாயில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துக் கட்டிய தசமபாகத் தேவாலயம் 996-ல் நிறைவுற்று, 1240-ல் மங்கோலியர் முற்றுகையில் இடிந்து விழுந்தது. அதன் அடித்தளக் கோடுகளைச் சுற்றி நான் பலமுறை நடந்திருக்கிறேன். 1011-ல் இறந்த அன்னாவும், பின்னர் விளாதிமிரும் அந்தத் தேவாலயத்துக்குள்ளேதான் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

வீட்டுக்குள்ளோ அமைதி வரவில்லை. 1014-ல், நொவ்கொரத்தை ஆண்ட மகன் யாரோஸ்லாவ் ஆண்டுதோறும் கீவுக்கு அனுப்ப வேண்டிய 2,000 கிரிவ்னா வெள்ளியை நிறுத்திவிட்டார். சாலைகளைச் செப்பனிடுங்கள், பாலங்களைப் போடுங்கள் என்று மகன்மேல் போருக்கு ஆணையிட்ட விளாதிமிர் அதற்குள் நோயில் விழுந்து, 1015 ஜூலை 15-ல் கீவுக்கு அருகிலிருந்த பெரெஸ்தொவோ என்ற ஊரில் இறந்தார். ஸ்வியாதபோல்க் கீவில் இருந்ததால் சாவை மறைத்தார்கள். இரவில் இரண்டு அறைகளுக்கிடையே தளத்தைப் பெயர்த்து, உடலைக் கம்பளத்தில் சுற்றிக் கயிறுகளால் கீழே இறக்கி, சறுக்குவண்டியில் வைத்துத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு நாட்டுக்கே ஞானஸ்நானம் கொடுத்தவரின் கடைசிப் பயணம் அது. அந்த ஆண்டே போரிசும் கிளெப்பும் கொல்லப்பட்டார்கள். ஸ்வியாதபோல்க்கின் ஆட்கள் கொன்றதாக நாளாகமம் சொல்கிறது. அண்ணனுக்கு எதிராகக் கையை உயர்த்த மாட்டேன் என்று சொல்லிப் படையை அனுப்பிவிட்டுக் கூடாரத்தில் செபித்துக்கொண்டிருந்தபோது போரிஸ் ஈட்டியால் குத்தப்பட்டார். இளையவர் கிளெப்பின் கழுத்தை அவர் சமையற்காரனே அறுத்தான். விளாதிமிர் ஆண்ட ரூஸ் நாட்டுத் திருச்சபை புனிதர்களாகப் போற்றிய முதல் இருவர் இவர்களே. தந்தைக்கு அந்தச் சிறப்பு மிகப் பிந்தித்தான் வந்தது. தந்தை அண்ணனைக் கொன்று பெற்ற அரியணைக்காக, அண்ணனைக் கொல்ல மறுத்து மகன்கள் உயிர்விட்டார்கள்.

வென்றவர் யாரோஸ்லாவ். நாளாகமம் அவரை ரொக்னேதாவின் மகன் என்கிறது. அவர் மகள்களில் எலிசபெத் நார்வேக்கும், அனஸ்தாசியா ஹங்கேரிக்கும், அன்னா பிரான்சுக்கும் அரசியரானார்கள். கீவின் புனித சோஃபியா தேவாலயச் சுவரில் அக்குடும்பத்தின் ஓவியம் இன்றும் இருக்கிறது.

இறுதியாக இரண்டு திருத்தங்கள். கட்டுரையின் படவிளக்கத்தில் விளாதிமிர் ரஷ்யப் பேரரசர் என்று அச்சாகியிருக்கிறது. அவர் ஆண்டது கீவைத் தலைநகராகக் கொண்ட ரூஸ். மாஸ்கோ என்ற ஊரின் பெயர் ஆவணங்களில் முதன்முதலாகத் தலைகாட்டுவதே 1147-ல்தான். உக்ரைனியர் வொலொதிமிர் என்றும் ரஷ்யர் விளாதிமிர் என்றும் அழைக்கும் இந்த மனிதருக்கு 2016-ல் கிரெம்ளின் மதிலருகே எழுப்பிய சிலையும், அவர் நாணயங்களிலிருந்து எடுத்த திரிசூலத்தை உக்ரைன் தன் அரசுச் சின்னமாகக் கொண்டிருப்பதும் இன்று எத்தகைய பிணக்கில் கலந்திருக்கின்றன என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆகவே அந்த ஒரு சொல்லில் கவனம் வேண்டும். மற்றொன்று, கட்டுரையோடு வெளியிட்டிருக்கும் குடும்ப வரைபடத்தில் பெண்கள் எவருமே இல்லை. இணையப் பதிப்பிலாவது ஓல்கா, மாலுஷா, ரொக்னேதா, அன்னா ஆகிய நால்வரின் பெயர்களையும் அவரவர் இடத்தில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கண் மருத்துவர்,
தஞ்சாவூர்.